முகம் பிரித்த ஊர்

பூங்கனிக்குப் பிறந்த பெண்குழந்தையின் சொந்த முகத்தை யாருமே பார்த்ததில்லை என்பது எங்கள் ஊருக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரியவந்தது. தெரிந்தபோதும் யாரும் பெரிதாகப் பதறவில்லை, ஏனென்றால் அன்றைக்கு மேற்கே மேகம் கட்டியிருந்தது, உப்பை வாரிக் கரையில் ஏற்றாவிட்டால் ஒரு மாத உழைப்பும் மழையில் கரைந்துபோகும், முகம் எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் உப்பைப் பார்ப்போம் என்று எல்லோரும் உப்பளத்துக்குப் போய்விட்டோம்.

சிப்பிக்குடியிருப்பு என்பது எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம், குடிக்கிற தண்ணீர் லாரியில் வர வேண்டும், அந்த லாரியை ஓட்டுகிறவன் நான். ஊரில் மொத்தம் ஐந்து வகையறா, ஐந்துக்கும் ஐந்து முகவெட்டு: மேட்டு நெற்றி வீடு, நீளத் தாடை வீடு, பள்ளக் கன்னத்து வீடு, சப்பை மூக்கு வீடு, இவை எதிலும் சேராத உருண்டை மூஞ்சி வீடு. நான் உருண்டை மூஞ்சி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியூரில் ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டோம், தாடையைப் பார்த்தே இன்னார் வீடு என்று சொல்லிவிடுவோம். இது பிறவியில் வருவது. இதற்குமேல் உப்பு போடுகிற கோடு என்று ஒன்று உண்டு. வெள்ளை வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பதால் கண்ணோரத்தில் மடிப்பு விழும், மடிப்புக்குள் வெயில் நுழையாமல் அந்த இடம் மட்டும் வெளுப்பாகவே நிற்கும், சாயங்காலம் நிழலில் உட்கார்ந்து முகத்தைத் தளரவிடும்போது கறுத்த முகத்தில் மூன்று நான்கு வெள்ளை நூல் தெரியும். அந்த நூலை எண்ணி, இவள் அளத்துக்கு வந்து பத்து வருஷம், இவன் வந்து இருபது வருஷம் என்று சொல்லிவிடுகிற ஊர் எங்களுடையது.

இப்படிப்பட்ட ஊரில் குழந்தை பிறந்தால் சும்மா விடுவோமா? பதினாறாம் நாள் முகம் பிரிப்பது என்று ஒரு சடங்கு வைத்திருக்கிறோம். குழந்தையை முறத்தில், எங்கள் பேச்சில் சுளவில், கிடத்தி நடுவீட்டில் வைத்து ஐந்து வீட்டாரும் சுற்றி உட்கார்ந்து, இந்த நெற்றி எங்கள் நெற்றி, இந்த மூக்கு உங்கள் மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்வோம். எந்த வீட்டுக்கு அதிகம் கிடைக்கிறதோ அந்த வீட்டார்தான் குழந்தைக்கு முதல் சட்டை எடுப்பார்கள். காதுமடலுக்காகக் கைகலப்பு ஆனதும் உண்டு. எங்கள் கணக்கில் முகம் என்பது ஒருவருக்குச் சொந்தமானதில்லை, போனவர்கள் விட்டுப்போனதை வந்தவர்கள் கட்டிக்கொள்வது. அதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் அன்று வரைக்கும் நினைத்தோம்.

பூங்கனியின் புருஷன் லிங்கதுரை, அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அளத்தில் மோட்டார் போடப் போய் ஷாக் அடித்துச் செத்துப்போனான். இருபத்தொன்பது வயசு. அவளுக்குப் பிரசவம் ஆபரேஷனில்தான் ஆனது, மயக்கம் தெளிவதற்கு முன்னாலேயே நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, வாசலில் நின்ற லிங்கதுரையின் அக்கா ராசகனியைப் பார்த்து, அத்தை ஜாடையே வந்திருக்கு என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். குழந்தை அத்தை ஜாடையில்தான் இருந்தது. பதினாறாம் நாள் மேட்டு நெற்றிக்காரர்கள் நெற்றியைக் கேட்டார்கள், நெற்றி மேடாகத்தான் இருந்தது. பள்ளக் கன்னத்தார் கன்னத்தைக் கேட்டார்கள், கன்னத்தில் குழி இருந்தது. சொன்னது சொன்னபடி இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, சண்டையில்லாமல் நடந்த முதல் முகம் பிரிப்பு என்று மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

நாற்பதாம் நாள் ராசகனி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி ஞாபகம் வந்து, "என் தம்பிய அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று சும்மா ஒரு வாய்வார்த்தைக்குச் சொன்னாள். உடனே அவள் கால்களுக்கு நடுவே லிங்கதுரை கிடந்தான். அவனுடைய நீளத் தாடை, சின்ன வயசில் கல்லில் விழுந்து பிளந்த இடது புருவம், கண்ணோரத்தில் மூன்று வெள்ளை நூல், எல்லாம் நாற்பது நாள் குழந்தையின் உள்ளங்கை அகல முகத்தில் அளவாக இருந்தன, பல் மட்டும்தான் இல்லை. ராசகனி கூப்பிட்ட சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த பூங்கனி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து வெந்நீர் ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, எனக்கென்னமோ செத்துப்போன எங்க சின்னம்மை மாதிரில்லா தெரியுது என்றாள், லிங்கதுரை போய்விட்டான், சின்னம்மை வந்துவிட்டாள். விஷயம் இப்படித்தான் தெரிந்தது.

உப்பு கரையேறி மழையும் விட்ட மறுநாளிலிருந்து ஊர் பூங்கனி வீட்டுக்கு வர ஆரம்பித்தது. செத்தவர்களைப் பார்க்கத்தான். ஆளுக்கொரு ஆள் இல்லாமல் போயிருந்தார்கள், கடலில் போனவர்கள், காய்ச்சலில் போனவர்கள், கயிற்றில் போனவர்கள், யார் வீட்டில் இல்லை அப்படி ஒருவர்? வீட்டில் போட்டோ மாட்டியிருக்கிறதே என்று கேட்டால், போட்டோ அசையாதே என்றார்கள். அது நியாயந்தான், ஒரு முகத்தை முகமாக்குவது அதன் எலும்பு இல்லை, சிரிக்கும்போது எங்கே மடிகிறது, கோபம் வந்தால் எங்கே கோடு விழுகிறது என்பதுதான், அதைப் போட்டோவில் பார்க்க முடியாது. குழந்தை கொட்டாவி விட்டால் செத்துப்போன மச்சான் கொட்டாவி விட்டான். தும்மினால் பெரியம்மா தும்மினாள். பார்த்தவர்கள் அழுதுவிட்டு, பால் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கூடியதும் ஊர்க்கமிட்டி தலையிட்டு ஒழுங்கு பண்ணியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்குக் கால்மணி நேரம், உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்லக்கூடாது. இந்தக் கடைசி விதி எதற்கென்றால், ஒரு வேலைவெட்டி இல்லாதவன் விளையாட்டுக்கு அளத்து மேஸ்திரி ஜாடை என்று சொல்லிவைக்க, மேஸ்திரி பெண்டாட்டி ஒரு வாரம் வந்து பூங்கனி வாசலில் நின்று ஏசினாள். ஆதார் எடுக்கப் போன இடத்தில் வரிசையில் நின்ற யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இது வைகுண்டம் அண்ணாச்சி மாதிரி இருக்கே என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். எட்டு மாதப் பெண்குழந்தையின் அட்டையில் முன்வழுக்கையும் கடுகடுப்புமாக, செத்துப் பன்னிரண்டு வருஷமான வைகுண்டம் அச்சாகி வந்தார். அதைத் திருத்த மனுக் கொடுத்துவிட்டு, அந்த அட்டையை வைத்தே சத்துமாவு வாங்கிக்கொண்டிருந்தாள் பூங்கனி.

குழந்தைக்குப் பெயர் உலகம்மை. எந்த வீட்டு முன்னோர் பெயரை வைத்தாலும் அந்த முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயந்து, கோயிலில் இருக்கிற அம்மன் பெயரை வைத்தார்கள்.

நானும் போனேன். போகவில்லை என்று சொன்னால் இந்த லாரி என்மேல் ஏறட்டும். அப்போது என் மனைவி தங்கபுஷ்பம் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் ஏதாவது மடத்தனமாகச் செய்தால் அவள் சிரிப்பை அடக்குவாள், அடக்கும்போது வாயின் வலது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். பெயரைச் சொன்னேன், முகம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் என் துண்டைத் தலையில் கூடாரம்போலப் போட்டுக்கொண்டு நின்றேன், அந்தக் கோடு விழுந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு நான் அழுதபோது பூங்கனி பக்கத்தில் நின்று குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன், ஆக நான்கு தடவை, அந்த நான்கு தடவையும் அவள் என்னை ஏதும் கேட்கவில்லை.

கதவைச் சாத்த வேண்டியதுதானே என்று இப்போது கேட்கலாம். அவள் எப்படிச் சாத்துவாள்? விடிந்தால் அளத்துக்குப் போக வேண்டும், குழந்தையை அளத்துக் கொட்டகையில் தொட்டிலில் போட்டுவிட்டு யார் கையிலாவது ஒப்படைக்க வேண்டும், அந்த யாராவதுக்கும் பார்க்க வேண்டிய ஒரு முகம் இருக்கும். வீட்டில் என்றால் ராசகனி இருக்கிறாள், ராசகனி தினமும் வேலைக்குப் போகும் முன்னால் தம்பி பெயரைச் சொல்லி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவாள். அப்போது பூங்கனியும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். வேண்டாம் மைனி என்று ராசகனியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, வராதது மட்டுமில்லை, சில நாள் ராசகனி மறந்துபோனால் இவளே ஞாபகப்படுத்தியிருக்கிறாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்தவள், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்று, "எனக்கு ஒரே ஒரு தடவ எம் பிள்ளைய பாக்கணும் அண்ணாச்சி. எல்லாரையும் பாத்துட்டேன்" என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதைக் கொடுக்க ஊரில் யாருக்கும் வழி தெரியவில்லை.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி அந்த நர்ஸாவது முகத்தைப் பார்த்திருப்பாள் அல்லவா? என் லாரியில்தான் கூட்டிப்போனேன். நர்ஸ் நல்ல மாதிரி, உட்காரவைத்துப் பேசினாள், நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிள்ளை எடுக்கேன்மா, பிறந்த உடனே எல்லாம் ஒண்ணுபோலச் சிவந்துபோய் வீங்கித்தான் இருக்கும், அத்தைக்காரி வாசலில் நின்னாளேன்னு ஒரு சந்தோஷத்துக்குச் சொன்னேன் என்றாள். பூங்கனி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள்.

இதற்குள் வேறொன்று நடக்கத் தொடங்கியிருந்தது. வந்த முகம் போனாலும் அதன் கோடு முழுசாகப் போகவில்லை, தலைமுடி கனத்தில் ஒரு மிச்சம் விட்டுவிட்டுப் போனது. பத்து மாதத்தில் உலகம்மையின் நெற்றியில் குறுக்கே ஐந்து வரி, கன்னத்தில் பின்னல் பின்னலாக வரி, உதட்டுக்கு மேலே வெற்றிலை போட்டுப் போட்டுச் சுருங்கியதுபோல் வரி. தண்ணீர் வற்றிய உப்புப் பாத்தியைப்போல் இருந்தது. தவழ ஆரம்பித்த பிள்ளை அந்த முகத்தோடு நிமிர்ந்து பார்க்கும்போது எங்களுக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. அடுத்த வாரத்தோடு விட்டுவிடுவோம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டோம்.

வைகுண்டத்துக்கு இரண்டு மகன்கள், அருணாசலமும் பால்பாண்டியும். அப்பனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்துபோனவர்கள், அப்பன் செத்தபோது வந்து சேர முடியாமல் போனவர்கள். இரண்டு பேரும் பங்குனி மாத வெயிலில் ஒரு மத்தியானம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். அப்பன் பெயரைச் சொன்னார்கள், வைகுண்டம் வந்தார். ஆனால் சாதுவாக விரலைச் சப்பிக்கொண்டிருந்தார், அப்படி ஒரு முகத்தை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த அப்பன் கோபக்காரன், இரண்டு புருவத்துக்கும் நடுவே நேராக இரண்டு கோடு ஆணி அடித்ததுபோல் இறங்கும், அந்தக் கோட்டை வைத்துத்தான் அவர்களுக்கு அப்பனைத் தெரியும். அது வேண்டும் என்று பால்பாட்டிலைக் குழந்தையின் வாயில் வைத்தார்கள், வைத்துவிட்டு இழுத்தார்கள், மறுபடி வைத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். பசித்த பிள்ளை வீறிட்டது, இரண்டு கோடும் இறங்கியது, ஐம்பது வயசு ஆண்கள் இரண்டு பேர் அதன் முன்னால் மண்டிபோட்டு, "ஏசுங்கப்பா, இன்னும் ஏசுங்க" என்று தேம்பித் தேம்பி அழுதார்கள். நானும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் சுற்றி நின்றோம். யாரும் அந்தப் பாட்டிலைப் பிடுங்கவில்லை. அழுகிறவர்களை எப்படி அடிப்பது?

பூங்கனி பாத்தியிலிருந்து ஓடிவந்தாள். கையில் உப்பு வாருகிற பலகை இருந்தது, அதைக் கொண்டு எங்களில் யாரையாவது அடித்துப்போட்டிருக்கலாம், அடித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். பலகையைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை.

"எம் பிள்ள யாரு ஜாடையும் இல்ல. கேட்டுக்கிடுங்க எல்லாரும். உங்கள்ல ஒருத்தரு ஜாடையும் இல்ல, எங்க வீட்டு ஜாடையும் இல்ல. யாரு ஜாடையும் இல்ல."

வைகுண்டம் போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வரியாகப் போனது, நெற்றி வரி, கன்னத்து வரி, உதட்டு வரி, பாத்தியில் தண்ணீர் பாய்ச்சியதுபோல எல்லாம் நிரவி மூடிக்கொண்டது. முகம் ஒன்று இருந்தது. நல்ல முகம், அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பூங்கனி பார்த்தாள், அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நாங்கள் கண்டதில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் திரும்பி, எப்படி இருக்கு பார்த்தியா என்று பேச வாயெடுத்தோம், எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. திரும்பிப் பார்த்தோம், இதோ இருக்கிறதே. கண்ணை எடுத்தோம், போய்விட்டது. நெற்றி மேடா, பள்ளமா, மூக்கு யார் மூக்கு, ஒன்றும் மனசில் நிற்கவில்லை. நாங்கள் ஒரு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது இன்னொரு முகத்தின் மேல் மாட்டித்தான், யாருடைய ஜாடையும் இல்லாத முகத்தை எதில் மாட்டுவது? வெயில் கண்ணை மயக்குது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டோம்.

பூங்கனி குனிந்து பால்பாட்டிலை எடுத்தாள், நிமிர்ந்தாள், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துத் திகைத்துப்போனாள், பிறகு மறுபடி அதே சந்தோஷம். அன்று அவள் எத்தனை தடவை குனிந்தாளோ அத்தனை தடவை திகைத்து, அத்தனை தடவை சந்தோஷப்பட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு யார் பெயரைச் சொல்லியும் முகம் மாறவில்லை. இரண்டு மூன்று வாரம் வந்து சொல்லிப் பார்த்தார்கள், ராசகனி ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள், பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பால் பாக்கெட் நின்றது. முகம் பிரிக்கிற சடங்கையும் நிறுத்திவிட்டோம், நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அடுத்துப் பிறந்த குழந்தைக்கு யாரும் சுளவு எடுக்கவில்லை. உலகம்மை வளர்ந்தாள், நடந்தாள், பேசினாள். குரலை வைத்து அவளைத் தெரியும், ஓட்டத்தை வைத்துத் தெரியும், கூட்டத்தில் நின்றால் தெரியாது. போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்று பூங்கனியிடம் சொன்னேன். எடுத்திருக்கேன் அண்ணாச்சி, அதைப் பாத்தா நல்ல பிள்ளையா இருக்கு, கீழ வச்சா யாரோ பிள்ளைன்னு தோணுது என்றாள்.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். உலகம்மை அப்போது ஒன்றாம் வகுப்பு. லாரி சீட்டில் உட்கார்ந்தால் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீருடை, ஒரே பை, ஒரே ரிப்பனில் வெளியே வந்தார்கள், பூங்கனி வழக்கம்போலக் கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் உலகம்மை தூரத்திலிருந்தே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருவாள். அன்றைக்குக் கூப்பிடவில்லை. ஒரு பிள்ளை சத்தமில்லாமல் வந்து பூங்கனிக்கு எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில், முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நின்றது. பூங்கனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதற்குப் பின்னால் வருகிற பிள்ளைகளைப் பார்த்தாள். கூட்டம் குறைந்தது. பிள்ளை அங்கேயே நின்றது. கடைசியில் யாரும் வராமல்போக, பூங்கனி பதறிப்போய் அதனிடமே குனிந்து, "பாப்பா, ஒன்னாப்பு உலகம்மை உள்ள இருக்காளா? நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கும் அது யாரென்று தெரியவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் பூங்கனியையே பார்த்தது. பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டியது. உள்ளே கையைக் காட்டிவிட்டு, திரும்பிக் கேட்டுக்குள் நடந்து போனது, நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பூங்கனிக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றது. சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் அங்கிருந்தே, அம்மா, அம்மா, நான் வந்துட்டேன் என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தது.